நற்கருணைக்கு எழாத இருவர்

1992 பிப்ரவரி மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை மதியம். மருத்துவமனை கேன்டீனில் நோரீன் செய்தித்தாளை விரித்து வைத்துக்கொண்டு, வாங்கிய சூப்பைத் தொடாமல் உட்கார்ந்திருந்தாள். எதிரே டிபன் டப்பாவைத் திறந்த கிருபாராணி என்ன விஷயம் என்று கேட்டாள். நோரீன் தாளை அவள் பக்கம் திருப்பி வைத்துவிட்டு, முகம் கழுவி வருவதாகச் சொல்லி எழுந்து போனாள்.

இருவரும் நியூ ஜெர்சியில் கன்னியாஸ்திரிகள் நடத்திய ஒரு கத்தோலிக்க மருத்துவமனையின் பிரசவ வார்டில் நர்ஸுகள். நான்கு வருஷமாக ஒரே ஷிப்ட். நோரீன் அயர்லாந்துக்காரி, முப்பத்தெட்டு வயது, திருமணம் ஆகவில்லை. யாராவது லீவு கேட்டால் அவர்கள் வேலையையும் சேர்த்துப் பார்ப்பாள், தன்னைப் பற்றி மட்டும் எதுவும் பேசமாட்டாள். கிருபாராணிக்கு நாகர்கோவில். கணவன் தாமஸ் மருந்து கம்பெனி ஒன்றில் கெமிஸ்ட். பிஸ்கட்டவேயில் அபார்ட்மென்ட், ஐந்து வயதில் பிரீத்தா என்று ஒரு மகள், இப்போது வயிற்றில் மூன்று மாதம் கடந்த இன்னொன்று.

செய்தி அயர்லாந்தைப் பற்றியது. பதினாலு வயதுப் பெண் ஒருத்தி பலாத்காரத்துக்கு ஆளாகிக் கர்ப்பமாகியிருக்கிறாள். கருவைக் கலைக்கப் பெற்றோர் அவளை இங்கிலாந்துக்குக் கூட்டிப்போக, நாட்டை விட்டு வெளியே போகக்கூடாது என்று நீதிமன்றம் தடை போட்டிருந்தது. தாயின் உயிரும் வயிற்றிலிருக்கும் குழந்தையின் உயிரும் சமம் என்று 1983-இல் மக்களே ஓட்டுப் போட்டு அரசியல் சட்டத்தில் எழுதிவைத்திருந்தார்களாம். அதை வைத்துத்தான் தடை.

கிருபாராணிக்கு அந்தப் பெண்ணை நினைத்துப் பாவமாக இருந்தது. ஆனாலும் வயிற்றிலிருந்த குழந்தை என்ன பாவம் செய்தது என்றும் தோன்றியது. போன மாதம்தான் அவளும் தாமஸும் போகும் பங்குக் கோயிலிலிருந்து வாஷிங்டனுக்குக் கருக்கலைப்புக்கு எதிரான ஊர்வலத்துக்கு மூன்று பஸ் போனது. பஸ்ஸுக்கு ஆள் சேர்த்தது தாமஸ். பனியில் கால் விறைக்க, ஒரு கையை வயிற்றின் மேல் வைத்துக்கொண்டு, மறுகையில் அட்டையைப் பிடித்தபடி கிருபாராணியும் நடந்தாள்.

நோரீன் திரும்பி வந்ததும் கிருபாராணி தனக்குத் தோன்றியதை அவளிடம் சொன்னாள். நோரீன் மறுத்துப் பேசவில்லை. எண்பத்து மூன்றில் அந்தச் சட்டத்துக்கு ஆதரவாகத் தானும் வீடு வீடாகப் போய் ஓட்டுக் கேட்டதாகச் சொன்னாள். அவளுடைய ஊரில் அவள் தட்டாத கதவே கிடையாதாம். பிறகு தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு வார்டுக்குப் போய்விட்டாள். சூப் அப்படியே இருந்தது.

மார்ச் நடுவில், பத்தொன்பதாவது வாரத்தில், கிருபாராணிக்கு ஸ்கேன் எடுத்தார்கள். அதே மருத்துவமனைதான். ஸ்கேன் எடுக்கும் பெண் அவளுக்குத் தெரிந்தவள். பேசிக்கொண்டே வந்தவள் ஓரிடத்தில் நிறுத்திவிட்டாள். டாக்டரைக் கூப்பிட எழுந்தபோது திரை கிருபாராணிக்குத் தெரியும்படி திரும்பியிருந்தது. டாக்டர் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லாமல் போயிற்று. அவளே பார்த்துவிட்டாள். கண்களுக்கு மேலே மண்டையோடு இல்லை. நெற்றி இருக்கவேண்டிய இடத்தில் வெறும் இருட்டு. முதுகெலும்பு நேராக, அழகாக இருந்தது. கை அசைந்தது. இதயம் துடித்துக்கொண்டிருந்தது.

இப்படி ஒரு குழந்தையை இரண்டு வருஷம் முன்னால் இந்த வார்டிலேயே அவள் கையில் வாங்கியிருக்கிறாள். நாற்பது நிமிஷம் உயிரோடு இருந்தது. பலகீனமான அழுகை. அந்தத் தாய் துணியை விலக்கிப் பார்க்க மாட்டேன் என்று சொல்லிவிட்டாள்.

டாக்டர் வந்து, உட்கார்ந்து, நிதானமாகச் சொன்னார். பிழைக்க வழியே கிடையாது. வயிற்றிலேயே இறக்கலாம், பிறந்து சில மணி நேரம் இருக்கலாம். கடைசிவரை சுமப்பது ஒரு வழி. முன்னதாகவே பிரசவத்தைத் தூண்டி முடித்துக்கொள்வது இன்னொன்று. நியூ ஜெர்சியில் சட்டம் அதற்கு இடம் தருகிறது. ஆனால் இந்த மருத்துவமனையில் அதைச் செய்யமாட்டார்கள், வேறு இடத்தின் பெயரைக்கூடத் தான் எழுதித்தர முடியாது என்றார். அதைச் சொல்லும்போது மேஜையிலிருந்த பேனாவை எடுத்து, திரும்ப வைத்தார்.

தாமஸ் அன்று மாலை அழுதான். கல்யாணமாகி ஏழு வருஷத்தில் அவன் அழுது அவள் பார்த்தது அதுதான் முதல் தடவை. அழுது முடித்து, ஜெபமாலை சொல்லி, பிரீத்தாவைத் தூங்கவைத்துவிட்டு அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.

"கேட்டியா ராணி, பத்து நிமிஷம் இருந்தாலும் அது நம்ம பிள்ளதான். ஞானஸ்நானம் குடுத்து, பேர் வெச்சு, நல்லபடியா அடக்கம் பண்ணுவோம். அதுவரைக்கும் சுமப்போம்."

"சுமக்கிறது நான்தானே," என்றாள் கிருபாராணி.

குத்திக்காட்ட அவள் நினைக்கவில்லை. ஆனாலும் அவன் முகம் சுருங்கிப்போனது.

அடுத்த ஞாயிறு தாமஸ் ஊருக்கு போன் போட்டான். அவனுடைய அண்ணன் சூசைமிக்கேல் கோட்டாறு மறைமாவட்டத்தில் சாமியார். நல்ல மனிதர், கிருபாராணியின் அப்பா படுக்கையில் கிடந்தபோது ஒரு மாதம் தினமும் சைக்கிளில் வந்து நற்கருணை அப்பம் கொடுத்தவர். போனில் அவர் கிருபாராணியை அதட்டவில்லை. இந்தச் சிலுவையை ஆண்டவர் உனக்குத் தந்திருக்கிறார் என்றால் சுமக்கிற பலத்தையும் தருவார், அந்தப் பிள்ளை உன் வயிற்றில் இருக்கும் ஒவ்வொரு நாளும் அதற்கு வாழ்க்கைதானே அம்மா என்றார். அவள் சரி என்று சொல்லி போனை வைத்தாள். சொல்லும்போது அவளுக்கும் அது சரியாகத்தான் பட்டது.

சுமக்கத்தான் முயன்றாள். பத்து நாள். பிரசவ வார்டில் வேலை, வயிறு வேறு தெரிய ஆரம்பித்துவிட்டது. வலியெடுத்து வந்து படுத்திருக்கும் பெண்கள் வலிக்கு நடுவிலும் அவள் வயிற்றைப் பார்த்துச் சிரித்து, உனக்கு எப்போது என்று கேட்டார்கள். ஆகஸ்டில் என்றாள். என்ன குழந்தை வேண்டும் என்று கேட்டார்கள். எதுவானாலும் சரி என்றாள். ஆரோக்கியமாக இருந்தால் போதும் என்று அவர்களே முடித்துவைத்தார்கள். ஒரு நாளில் நான்கு முறை, ஐந்து முறை.

வீட்டில் பிரீத்தா அவள் வயிற்றில் காதை வைத்துக்கொண்டு, உள்ளே இருப்பதோடு ஆங்கிலத்தில் பேசும். தன் கரடி பொம்மையைத் தரமாட்டேன், ஆனால் அடுக்குக் கட்டிலின் மேல்படுக்கையைத் தருவேன் என்று ஒருநாள் வாக்குக் கொடுத்துக்கொண்டிருந்தது. அப்போது உள்ளே குழந்தை உதைத்தது. பிரீத்தா நிமிர்ந்து, "பேபி செட் யெஸ்," என்றது. கிருபாராணி குளியலறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு, குழாயைத் திறந்துவிட்டாள்.

மறுநாள் வார்டில் துணி அடுக்கும் அறையில் நோரீனிடம் எல்லாவற்றையும் சொன்னாள். இன்னும் இருபது வாரம் தன்னால் முடியாது என்றாள். முடியாது என்று சொல்வதற்கே தனக்குப் பயமாக இருக்கிறது என்றும் சொன்னாள்.

நோரீன் கையிலிருந்த போர்வைகளை அலமாரியில் வைத்துவிட்டுக் கதவைச் சாத்தினாள். அப்போதுதான் தன் தங்கையைப் பற்றிச் சொன்னாள்.

தங்கை பெயர் மேவ். பத்து வயது இளையவள். அம்மாவுக்கு முட்டுவலி, அதனால் அவளைக் குளிப்பாட்டி, தலைவாரி வளர்த்தது நோரீன்தான். எண்பத்து மூன்றில் நோரீன் வீடு வீடாகக் கொண்டுபோன நோட்டீஸ்களைச் சமையலறை மேஜையில் உட்கார்ந்து மடித்துக் கொடுத்தவள் மேவ். இரண்டு வருஷம் கழித்து, கால்வே நகரத்தில் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தபோது கர்ப்பமானாள். பையன் கைவிட்டுவிட்டான். கல்லூரிக் கழிப்பறைக் கதவில் யாரோ எழுதிவைத்திருந்த, இங்கிலாந்தில் லிவர்பூல் கருக்கலைப்பு கிளினிக் ஒன்றின் போன் நம்பரை நோட்டுப் புத்தகத்தில் குறித்துக்கொண்டு, பஸ் ஏறி நோரீனின் அறைக்கு வந்தாள். கப்பலில் தனியாகப் போகப் பயமாக இருக்கிறது, கூட வா என்றாள். அவள் கேட்டது அவ்வளவுதான்.

"நான் என்ன சொன்னேன் தெரியுமா? நீ போனீன்னா என் தங்கச்சி இல்லன்னு சொன்னேன். அதோட விடல. அம்மாவுக்கு லெட்டர் எழுதினேன்." நோரீன் ஆங்கிலத்தில், எப்போதும் பேசும் வேகத்திலேயே சொன்னாள். "தனியாத்தான் போனா. திரும்பி வந்தப்ப அவ துணியெல்லாம் பெட்டியில கட்டி அம்மா வீட்டு வாசல்ல இருந்துச்சு. இங்கிலாந்துல, லீட்ஸ்ல இருக்கா இப்போ. நான் எழுதற லெட்டர் எல்லாம் பிரிக்காம திரும்பி வருது."

ஊரில் யாரும் நோரீனைக் குறை சொல்லவில்லையாம். சாமியார் முதற்கொண்டு எல்லோரும் நீ செய்ததுதான் சரி என்றார்களாம். அதைத் தாங்க முடியாமல்தான் மறுவருஷம் அமெரிக்காவுக்கு வந்ததாகச் சொன்னாள்.

கிருபாராணி, அப்படியானால் நான் செய்துகொள்ளலாம் என்கிறாயா என்று கேட்டாள்.

"எனக்குத் தெரியாது," என்றாள் நோரீன். "அதை நான் சொல்லமாட்டேன். நீ வெச்சுக்கிட்டா பிரசவத்துல நான் கூட இருக்கேன். வேண்டாம்னா நான் கார் ஓட்டறேன். ரெண்டுல எதுன்னாலும் வர்றேன்."

கிருபாராணி மூன்று நாள் யோசித்தாள். ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலம் நடந்துகொண்டிருந்தது. தாமஸ் வெள்ளிக்கிழமைகளில் சிலுவைப்பாதையில் வாசகம் வாசித்தான். ஒரு மாலை அவன் கடைக்குப் போய் ஒரு சின்ன வெள்ளைக் கவுன் வாங்கிவந்தான், ஞானஸ்நானத்துக்கு. அதோடு சேர்த்துப் பின்னிய ஒரு தொப்பியும். தலை மறைய வேண்டும் என்று கடைக்காரியிடம் கேட்டு வாங்கியிருக்கிறான். அதை அவன் கட்டிலின் மேல் விரித்து வைத்தபோது கிருபாராணிக்கு அவன்மேல் கோபமே வரவில்லை. வந்திருந்தால் சொல்வதற்கு எளிதாக இருந்திருக்கும்.

"வெள்ளிக்கிழமை போறேன்," என்றாள். "வடக்க ஒரு ஆஸ்பத்திரியில அப்பாயின்ட்மென்ட் வாங்கியாச்சு. நீங்க கூட வரணும்."

அவன் தொப்பியை மடித்தான். "எனக்கு முடியாது, ராணி."

"பயமா இருக்கு எனக்கு."

"எனக்கும் பயம்தான்." அவன் தொப்பியைக் கவுனின் மேல் வைத்தான். "பிள்ள போகத்தான் போவுது, அது எனக்குத் தெரியாதா. அது நேரா மோட்சத்துக்குப் போயிரும். நீ? நாளைக்கு உனக்கு ஒண்ணு ஆச்சுன்னா, நீ எங்க போவே? செத்தப்புறம் உன்னை நான் எங்க வந்து தேடுவேன்?"

அவன் உண்மையாகவே அதை நம்பினான். தனக்கும் அதில் பாதி நம்பிக்கை இருந்தது அவளுக்குத் தெரியும். கவுனை எடுத்து அலமாரியில் வைத்தாள்.

வெள்ளிக்கிழமை காலை பிரீத்தாவை வசந்தாமணி ஆன்ட்டி வீட்டில் விட்டாள். அதே அபார்ட்மென்ட்டில் மேல்மாடி. பொள்ளாச்சிப் பக்கத்துக்காரர், மகன் குடும்பத்தோடு இருந்தார். அவரிடம் மட்டும் உள்ளதைச் சொல்லியிருந்தாள். ஆன்ட்டிக்கு அவள் ஏன் இவ்வளவு நடுங்குகிறாள் என்றே புரியவில்லை. "நம்மூர்ல கவர்மென்ட் ஆஸ்பத்திரியிலயே பண்றதுதானுங் கண்ணு. எனக்கே மூணாவதுக்கு அப்புறம் பண்ணினாங்க. சாமி ஒண்ணும் கோவிச்சுக்கல," என்றார். பிறகு அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, அவள் கையைக் கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டிருந்தார்.

தாமஸ் அவளுக்கு முன்னாலேயே வேலைக்குக் கிளம்பிப் போயிருந்தான். அவளுடைய கனமான கோட்டை எடுத்துக் கதவருகே மாட்டிவைத்திருந்தான்.

ஒரு மணி நேரப் பயணம். நோரீனின் பழைய காரில் ஹீட்டர் சரியாக வேலை செய்யவில்லை.  ஒரு டோல் பூத்தில் நின்றபோது நோரீன், அந்தப் பதினாலு வயதுப் பெண்ணை இங்கிலாந்துக்குப் போக மேல்நீதிமன்றம் அனுமதித்துவிட்டது தெரியுமா என்று கேட்டாள். தெரியும் என்றாள் கிருபாராணி. தாமஸ் படிப்பதற்கு முன்னால் அந்தப் பக்கத்தை அவள் எடுத்து ஒளித்து வைத்திருந்தாள். ஏன் அப்படிச் செய்தாள் என்று அவளுக்கே தெரியவில்லை.

வலியைத் தூண்ட மருந்து கொடுத்தார்கள். வெள்ளிக்கிழமை முழுவதும் ஒன்றும் நடக்கவில்லை. மறுநாள் மதியம் குழந்தை பிறந்தது. நோரீன் அதுவரை கட்டிலருகே இருந்த நாற்காலியை விட்டு எழுந்ததெல்லாம் அவளுக்குப் பனிக்கட்டி கொண்டுவரத்தான். நர்ஸ் துணியில் சுற்றிக் கொடுத்ததை நோரீன்தான் முதலில் வாங்கினாள். பெண். நெஞ்சு ஒன்றிரண்டு முறை ஏறி இறங்கியது. அல்லது அப்படித் தோன்றியது. நோரீன் தண்ணீர் இருந்த காகிதக் கோப்பையை எடுத்தாள்.

"பேர் சொல்லு. சீக்கிரம்."

"ஜெசிந்தா," என்றாள் கிருபாராணி. அப்படி ஒரு பெயரை அவள் முன்கூட்டி யோசித்திருக்கவில்லை.

நோரீன் மூன்று முறை தண்ணீரை ஊற்றி, பிதா, சுதன், பரிசுத்த ஆவியின் பெயரால் ஞானஸ்நானம் கொடுத்தாள். அவசரத்துக்கு யார் வேண்டுமானாலும் கொடுக்கலாம்; இருவரும் கன்னியாஸ்திரிகளிடம் கற்ற பாடம்தான் அது. பிறகு குழந்தையைத் தாயின் கையில் வைத்தாள். கிருபாராணி துணியை விலக்கிப் பார்த்தாள். முழுதாகப் பார்த்தாள். விரல்களில் நகம் தெரிய ஆரம்பித்திருந்தது. எவ்வளவு நேரம் வைத்திருந்தாள் என்று அவளுக்குப் பிறகு நினைவில்லை. ஜன்னல் வெளிச்சம் கட்டிலின் காலிலிருந்து சுவருக்குப் போயிருந்தது.

குழந்தைகளுக்கென்று ஒரு மூலை ஒதுக்கிய இடுகாடு ஒன்றை நோரீன் விசாரித்து வைத்திருந்தாள். மூன்றாம் நாள் அங்கே அடக்கம் நடந்தது. கிருபாராணி, நோரீன், மண்வெட்டியோடு ஒரு ஆள். கவுனை அவள் கொண்டுபோயிருந்தாள், ஆனால் அது மிகப் பெரிதாக இருந்ததால் மேலே போர்த்த மட்டுமே முடிந்தது.

தாமஸ் பங்குக் கோயிலில் எல்லோரிடமும் குழந்தை தவறிவிட்டது என்று சொன்னான். அது பொய் என்று சொல்லவும் முடியாது. பெண்கள் அலுமினிய டிரேக்களில் சாப்பாடு கொண்டுவந்தார்கள். கிருபாராணி அவர்களுக்கு நன்றி சொன்னாள். தாமஸ் அவளிடம் எதையும் கேட்கவில்லை. ஆஸ்பத்திரி எது, என்ன குழந்தை, எங்கே அடக்கம், ஒன்றும் கேட்கவில்லை. அவளுக்குக் காய்ச்சல் வந்தபோது ரசம் வைத்துக் கொடுத்தான், பிரீத்தாவுக்குத் தலைவாரிப் பள்ளிக்கு அனுப்பினான். அந்தப் பேச்சு மட்டும் இல்லை.

ஈஸ்டருக்கு முந்தின வாரம் அவள் பாவசங்கீர்த்தனத்துக்கு, பாவத்தைச் சாமியாரிடம் சொல்லி மன்னிப்புக் கேட்கப் போனாள். பங்குச் சாமியார் வயதானவர், மிருதுவானவர். எல்லாவற்றையும் குறுக்கிடாமல் கேட்டார். இதற்கு மன்னிப்புத் தரத் தனக்கு அதிகாரம் இருக்கிறது, செய்ததற்காக மனம் வருந்துகிறாயா என்று கேட்டார்.

"வருத்தமாத்தான் இருக்கு, ஃபாதர். எல்லா நாளும் இருக்கு."

"செய்ததற்காகவா?"

"நடந்ததுக்காக."

 திரும்ப அதே நிலை வந்தால் என்ன செய்வாய் என்று கேட்டார். பொய் சொல்லியிருந்தால் எல்லாம் அந்த நிமிஷத்தோடு முடிந்திருக்கும். ஆனால் மண்டியிட்டுக்கொண்டு பொய் சொல்ல அவளுக்கு வரவில்லை. அதையேதான் செய்வேன் என்றாள்.

அப்படியானால் மன்னிப்பு மந்திரத்தைத் தன்னால் சொல்ல முடியாது என்றார் சாமியார்.  எப்போது வேண்டுமானாலும் திரும்பி வா, நான் இங்கேயேதான் இருப்பேன் என்றார்.

அந்த மன்னிப்பு இல்லாமல் நற்கருணை வாங்கக் கூடாது; அந்த ஈஸ்டரிலிருந்து கிருபாராணி நற்கருணை வாங்க எழுந்து போகவில்லை. பூசைக்குப் போவாள். பாடுவாள், முழந்தாளிடுவாள். வரிசை வரிசையாக எல்லோரும் எழுந்து பீடத்துக்கு நடக்கும்போது கால்களை ஒதுக்கி வழிவிட்டு உட்கார்ந்திருப்பாள். தாமஸ் நற்கருணை கொடுக்க உதவுபவர்களில் ஒருவன். பாத்திரத்தோடு நடுப்பாதையில் நின்று ஒவ்வொருவர் கையிலும் அப்பத்தை வைப்பான். ஆறாவது வரிசையில் தன் மனைவி உட்கார்ந்திருப்பது அவனுக்கு நேரே தெரியும்.

மே மாதம் ஒரு ஞாயிறு நோரீன் அந்தக் கோயிலுக்கு வந்தாள். அவளுடைய பங்குக் கோயில் வேறு. கிருபாராணியின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். நற்கருணை நேரத்தில் அவளும் எழவில்லை. உனக்கென்ன என்று கிருபாராணி மெல்லக் கேட்டாள். நான்தானே கார் ஓட்டினேன் என்றாள் நோரீன். அடுத்த வாரமும் வந்தாள். அதற்கடுத்த வாரமும். பங்கில் சிலர் பார்த்தார்கள், சிலர் ஊகித்தார்கள். டிரேயில் சாப்பாடு கொண்டுவந்த ஒருத்தி கார் நிறுத்துமிடத்தில் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனாள். கிருபாராணி அந்தக் கோடையில் மருத்துவமனை வேலையை விட்டுவிட்டு, எடிசன் நகரில் ஒரு முதியோர் இல்லத்தில் சேர்ந்தாள். பிரசவ வார்டுக்கு அவள் பிறகு திரும்பவே இல்லை.

அந்த நவம்பரில் அயர்லாந்தில் மறுபடி ஓட்டெடுப்பு நடந்தது. வெளிநாட்டுக்குப் போகிற பெண்ணைத் தடுக்கக்கூடாது, அங்கே உள்ள வழிகளைப் பற்றித் தெரிந்துகொள்வதையும் தடுக்கக்கூடாது என்று மக்கள் தீர்ப்புச் சொன்னார்கள். ஊரைவிட்டு வந்த நோரீனுக்கு ஓட்டு இல்லை. உள்நாட்டில் தடை அப்படியேதான் இருந்தது. இனிமேல் பெண்கள் பயப்படாமல் கப்பல் ஏறலாம், அவ்வளவுதான் என்றாள் நோரீன். அன்று மேவுக்கு இன்னொரு கடிதம் எழுதினாள். கிறிஸ்துமஸுக்குள் அது திரும்பி வந்துவிட்டது.

வருஷங்கள் போயின. அவர்களுக்கு வேறு குழந்தை பிறக்கவில்லை. பிறக்கும்படி அவர்கள் வாழவும் இல்லை. பிரீத்தாவுக்குப் புது நன்மை என்னும் முதல் நற்கருணை கொடுத்த அன்று, வெள்ளை உடையில் திரும்பி வந்து அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்து, நீ ஏன் போகவில்லை என்று ஆங்கிலத்தில் கேட்டாள். பெரியவள் ஆனதும் சொல்கிறேன் என்றாள் கிருபாராணி. மகளின் பதினாலு வயதில் ஒருநாள் காரில் வைத்துச் சொன்னாள். பிரீத்தா ஜன்னலைப் பார்த்தபடி, "ஐ நோ, அம்மா. வசந்தாமணி ஆன்ட்டி டோல்ட் மீ," என்றாள். சிறிது தூரம் போனபின், அப்பாவிடம் நீ கோபமாக இருக்கிறாயா என்று கேட்டாள். கிருபாராணி யோசித்துப் பார்த்தாள். இல்லை, அவர் கூட வந்திருக்கலாம் என்றுதான் இன்னும் நினைக்கிறேன் என்றாள்.

2001 மே மாதம் லீட்ஸிலிருந்து நோரீனுக்கு ஒரு போன் வந்தது. பேசியது மேவின் கணவன். மேவுக்கு மார்பில் புற்றுநோய், எலும்புக்குப் பரவிவிட்டது. தான் போன் செய்வது அவளுக்குத் தெரியாது என்றான். நோரீன் மறுநாளே வேலைக்கு லீவு சொல்லிவிட்டாள். கிருபாராணி அவளை நெவார்க் விமான நிலையத்துக்குக் காரில் கொண்டுபோய் விட்டாள். உள்ளே விடுவாளோ மாட்டாளோ என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தாள் நோரீன்.

ஜூலை கடைசியில் ஒரு சனிக்கிழமை காலை நோரீன் லீட்ஸிலிருந்து கூப்பிட்டாள். மேவ் இறந்து நான்கு நாள் ஆகியிருந்தது. போன முதல் இரண்டு நாள் மேவ் அவளை வாசலிலேயே நிற்கவைத்தாளாம். மூன்றாம் நாள் உள்ளே விட்டாள். ஏழு வாரம் நோரீன்தான் அவளைக் குளிப்பாட்டினாள், மருந்து கொடுத்தாள், முடியெல்லாம் கொட்டிய தலையைத் துடைத்துவிட்டாள். பழைய விஷயத்தை இருவருமே எடுக்கவில்லை.

"மன்னிச்சேன்னு சொன்னாளா?" கிருபாராணி கேட்டாள்.

"இல்ல. நானும் கேக்கல," என்றாள் நோரீன். பிறகு, "தண்ணி வேணும்னா என் பேரைச் சொல்லிக் கூப்பிட்டா. அது போதும்னு நெனச்சுக்கறேன்," என்றாள்.

அவள் திரும்பி வரப்போவதில்லை. மேவுக்கு இரண்டு குழந்தைகள் இருந்தார்கள். அவர்கள் பக்கத்திலேயே ஒரு வேலை தேடிக்கொள்வதாகச் சொன்னாள்.

போனை வைத்துவிட்டுக் கிருபாராணி சமையலறை மேஜையில் உட்கார்ந்து அழுதாள். தாமஸ் உள்ளே வந்து என்ன என்று கேட்டான். நோரீனின் தங்கை இறந்ததைச் சொன்னாள். அந்தக் கதையை அவன் கேட்டதே இல்லை என்பது அப்போதுதான் அவளுக்குத் தோன்றியது. கப்பலில் கூட வா என்று கேட்டது, வாசலில் கட்டிவைத்த பெட்டி, பிரிக்காமல் திரும்பிய கடிதங்கள் எல்லாவற்றையும் சொன்னாள். தாமஸ் நின்றுகொண்டே கேட்டான். பிறகு நாற்காலியை இழுத்து உட்கார்ந்தான். அவனுக்கு முன்தலை வழுக்கை விழ ஆரம்பித்திருந்தது.

"எங்க வெச்சிருக்கு?" என்றான்.

என்ன என்று கேட்க வேண்டியிருக்கவில்லை. ஒன்பது வருஷமாக மார்ச் கடைசியில் அவளும் நோரீனும் போய்வரும் இடம். முப்பது நிமிஷம் என்றாள்.

அவனே கார் ஓட்டினான். அவள் வழி சொன்னாள். இடுகாட்டின் கேட்டுக்கு உள்ளே ஒரு மேப்பிள் மரத்தடியில் நிறுத்தி, என்ஜினை அணைத்தான். கிருபாராணி இறங்கினாள். அவன் இறங்கவில்லை. இரண்டு கையையும் ஸ்டியரிங்கில் வைத்தபடி உட்கார்ந்திருந்தான். ஜன்னல் வழியே, "நீ போய்ட்டு வா," என்றான். அவள் கொஞ்சம் காத்திருந்துவிட்டு நடந்தாள்.

கல்லைச் சுற்றிப் புல் உயர்ந்திருந்தது. கையாலேயே பிடுங்கி ஒதுக்கினாள். நோரீனுக்காகவும் மாதாவிடம் ஒரு அருள்நிறை மந்திரம் சொன்னாள். திரும்பிப் பார்த்தபோது கார்க் கதவு திறந்திருந்தது. தாமஸ் ஒரு காலைத் தரையில் வைத்திருந்தான். அவ்வளவுதான், அதற்கு மேல் வரவில்லை. அவள் போய் அவன் பக்கத்துக் கதவருகே நின்றாள்.

"ஆணா, பொண்ணா?"

"பொண்ணு."

"பேர் வெச்சியா?"

"ஜெசிந்தா. தண்ணி ஊத்திட்டோம். நோரீன்தான் ஊத்தினா."

அவன் தலையை ஆட்டினான். பல தடவை ஆட்டினான். பெயரைச் சொல்லிப் பார்ப்பதுபோல் உதடு அசைந்தது. காலை உள்ளே எடுத்துக் கதவைச் சாத்திக்கொண்டான். கிருபாராணி சுற்றி வந்து ஏறி பெல்ட்டைப் போட்டாள். அவன் சாவியைத் திருகவில்லை. புல்வெட்டும் வண்டி ஒன்று தூரத்தில் ஓடிக்கொண்டிருந்தது. அது ஒரு வரிசை முடித்து மறுவரிசைக்குத் திரும்பும்வரை இருவரும் அப்படியே உட்கார்ந்திருந்தார்கள்.